தியானம் செய்கிறேன், கோபம் போகவில்லையே?

கேள்வி: எனக்கு 44 வயது. கும்பகோணத்தில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஏழு வருடமாக எங்கள் ஊர் அன்னை தியான மையத்துக்குப் போகிறேன். வாரம் ஒருநாள் கூடி ஸ்ரீ அரவிந்தரின் பூரண யோகத்தை வாசிக்கிறோம். தினமும் விடிகாலை 4 மணிக்கு எழுந்து ஒன்றேகால் மணி நேரம் தியானம். அப்போது கிடைக்கிற அமைதி பொய் இல்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், பிளஸ் டூ படிக்கும் மகள் சோபாவில் படுத்துக்கொண்டு போனை நோண்டுவதைப் பார்த்தால் கத்திவிடுகிறேன். “தியானம் பண்றவ வாயா இது?” என்கிறார் மாமியார். மையத்தில் ஒருவர், தியானத்தை இன்னும் அரைமணி கூட்டச் சொல்கிறார். இன்னொருவர், இது மகாகாளியின் சக்தி, அடக்கக் கூடாது என்கிறார். கென் வில்பர் என்ற அமெரிக்கச் சிந்தனையாளரின் நான்கு கட்டப் படத்தை இணையத்தில் பார்த்து, எல்லாக் கட்டத்துக்கும் சேர்த்துப் பதினோரு பயிற்சிகள் கொண்ட அட்டவணை போட்டேன். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. நோட்டுத் திருத்திவிட்டுப் படுக்கவே 11 மணி ஆகிறது. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரியிலிருந்து தொடங்குவோம். 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரம்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. தூக்கம் குறைந்தால், சின்னச் சீண்டலுக்கும் பொங்குகிற அமிக்டலா என்ற மூளைப் பகுதி கூடுதலாகத் துள்ளும்; அதை நிறுத்திவைக்க வேண்டிய, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் பிடி தளரும். விடிகாலைத் தனிமையில் இது தெரியாது. பகல் முழுக்கத் தொண்டை வறள வகுப்பெடுத்துவிட்டு வீட்டுப்படி ஏறும்போது தெரியும்.

தூக்கத்தை வெட்டி எழுந்தால்தான் சாதகர் என்று நம் ஊரில் ஒரு மதிப்பு உண்டு. ஸ்ரீ அரவிந்தர் அந்தக் கட்சியில் இல்லை. வேண்டிய தூக்கத்தைக் குறைத்தால் உடல் தமஸில், அதாவது மந்தத்தில் விழும், விழித்திருக்கும் நேரத்தின் ஒருமுகப்பாடும் கெடும் என்று சீடர்களுக்கு எழுதிய கடிதங்களில் எச்சரித்திருக்கிறார். ஆகவே அரைமணி கூட்டச் சொன்னவரின் யோசனை, நல்லெண்ணத்தோடு சொன்னதாக இருந்தாலும், உங்களுக்கு ஆகாது. கூட்டுகிற அந்த அரைமணியும் தூக்கத்திலிருந்துதான் போகும்.

கூடவே, மாதவிடாய்ச் சுழற்சி மாறத் தொடங்கும் வயது இது. தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மகப்பேறு மருத்துவரையோ பொது மருத்துவரையோ ஒருமுறை பாருங்கள். யோகத்தில் குறை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுவது நல்லது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருவோம். காலை அமைதி ஏன் சாயங்காலம் வரை வந்து சேரவில்லை? பூரண யோகத்தில் மனம், பிராணன், உடல் ஒவ்வொன்றும் தனித்தனியே திருந்த வேண்டியவை. கோபம், ரோஷம், ஆசை, பிடிவாதம் எல்லாம் பிராணனின் பேட்டை. தியானத்தில் அடங்குவது பெரும்பாலும் மனம். பிராணனை அந்த வேளையில் யாரும் சீண்டவில்லை, அதனால் அது சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே அமைதி, வெளியே பழைய சுபாவம் என்ற இரட்டை நிலை சாதகர்களுக்கு வழக்கமாக வருவதுதான். வில்பர் இதையே வேறு விதமாகப் பிரிக்கிறார். ஆழ்ந்த அமைதி என்பது ஒரு நிலை. அது எந்தப் படியில் இருப்பவருக்கும் வரும், போகும். சீண்டும்போதும் நிதானமாகப் பேசுவது வளர்ச்சி சம்பந்தப்பட்டது. அது படிப்படியாகத்தான் கூடும். ஒன்றுக்குச் செலவிட்ட மணி நேரத்தை மற்றதன் கணக்கில் வரவு வைக்க முடியாது. ஏழு வருடம் வீணாகிவிட்டது என்ற பயமே வேண்டாம். அமைதிக்குப் பயிற்சி எடுத்தீர்கள், அமைதி கிடைத்தது. பேச்சுக்கு இன்னும் பயிற்சியே எடுக்கவில்லை.

வில்பரை எடுத்ததும் மையத்தில் யாராவது ‘அமெரிக்கச் சரக்கு’ என்று முகம் சுளிக்கலாம். 1914 முதல் 1921 வரை புதுச்சேரியிலிருந்து ‘ஆர்யா’ மாத இதழில் ஸ்ரீ அரவிந்தர் எழுதியவை அந்த ஊர்ச் சிந்தனைக்கும் ஊற்றுக்கண்களில் ஒன்று. அவர் வழி வந்த ஹரிதாஸ் சௌதுரி 1951-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் அங்கே இதைக் கற்பித்தார். பின்னால் வந்த வில்பர் அரவிந்தரை முன்னோடியாகவே மதிக்கிறார். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பூரண யோகத்தின் நடு நரம்பு ஆர்வம் (இறைவனை நோக்கிய ஏக்கம்), நிராகரிப்பு (கீழான உந்துதலை ஏற்காமல் விலக்குவது), சமர்ப்பணம் (தன்னை ஒப்படைப்பது) மூன்றும். எல்லாருக்கும் பொதுவான பயிற்சி அட்டவணை அதில் கிடையாது. வில்பர் தருவது ஒரு வரைபடம். எதை விட்டுவிட்டோம் என்று தேட அது உதவும். அதையே சாதனையாக்கினால், உங்களைப் போலப் பதினோரு பயிற்சியில் வந்து நிற்கும்.

அந்தப் படத்தை இப்படிப் பயன்படுத்துங்கள். ஒரு ஏ4 தாளை இரண்டு முறை மடித்துப் பிரித்தால் நான்கு கட்டம். பயிற்சி எதையும் எழுத வேண்டாம். சாயங்காலக் கோபம் என்ற ஒன்றை மட்டும் நடுவில் எழுதி, நான்கு பக்கமிருந்தும் பாருங்கள். இடது மேலே, எனக்குள் என்ன ஓடுகிறது: எண்ணம், பயம், எதிர்பார்ப்பு. வலது மேலே, உடலும் செயலும்: எத்தனை மணி தூங்கினேன், கடைசியாக எப்போது சாப்பிட்டேன், குரல் எந்த இடத்தில் உயர்ந்தது. இடது கீழே, எங்களுக்குள் சொல்லாமலே நிலவும் நியாயங்கள்: ‘அடுக்களை அம்மாவின் பொறுப்பு’, ‘தியானம் செய்பவள் கோபப்படக் கூடாது’ போல. வலது கீழே, வீட்டின் ஏற்பாடு: யார் எப்போது வருகிறார்கள், பாத்திரம், மாவு, துணி, நோட்டுக்கட்டு எவர் தலையில் விழுகிறது.

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று வரி போதும். வழக்கமாக நடக்கும் தவறு, இடது மேல் கட்டத்தை மட்டும் பத்து வரி எழுதிவிட்டு மற்றவற்றை வெறுமையாக விடுவது. ஆன்மிகத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்குக் காரணம் எல்லாம் உள்ளேதான் என்று தோன்றும். உங்கள் கடிதமே சாட்சி: ‘எங்கே தவறுகிறேன்’ என்று கேட்டீர்கள், பாத்திரம் யார் கழுவுகிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. வலது கீழ்க் கட்டத்திலிருந்து இரண்டு வேலைகளை வேறு ஆளுக்கு மாற்றுங்கள், அதுவும் நிரந்தரமாக. ‘கொஞ்சம் உதவுங்க’ என்று கேட்டால் அது நாலு நாள்தான். ‘ராத்திரி பாத்திரம் இனிமே உங்க பொறுப்பு’ என்று கணவரிடமும், ‘துணி மடிக்கிறது உன்னோடது’ என்று மகளிடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோபம் இல்லாத நேரத்தில், சொல்லிவிடுங்கள். அவர்கள் செய்வது உங்கள் திருப்திக்கு இருக்காது. திரும்ப எடுத்துச் செய்தீர்களானால் வேலை மறுபடி உங்களிடமே வந்துவிடும்.

அடுத்தது இடது மேல் கட்டம். தியானம் எட்டாத இடம் இங்கேதான். ஸ்ரீ அரவிந்தர் நிராகரிப்பையும் அமுக்குவதையும் ஒன்றாக எண்ண விடவில்லை. அமுக்கியது அடிமனதுக்குள் இறங்கிக் காத்திருந்து அங்கிருந்தே எழும். அப்படி இறங்கியதை வெளியே எடுத்துப் பார்க்க வில்பரும் உடன் பணியாற்றியோரும் 3-2-1 என்ற எழுத்துப் பயிற்சியைத் தருகிறார்கள். தமிழாசிரியையான உங்களுக்கு எளிது: படர்க்கை, முன்னிலை, தன்மை என்ற வரிசையில் எழுத வேண்டும். நேரம் பத்து நிமிடம். வாரத்தில் இரண்டு நாள், கோபம் வந்து குறைந்தது ஒருநாள் கழித்து, பகலில். படுக்கப் போகுமுன் செய்தால் தூக்கம் போகும்.

முதல் நான்கு நிமிடம் படர்க்கை. ‘அவள் படுத்துக் கிடக்கிறாள். வீடு பற்றி எரிந்தாலும் அவளுக்குக் கவலையில்லை...’ நாகரிகம் பார்க்காமல், உங்களை எரிச்சலூட்டுவதை முழுக்க எழுதுங்கள். அடுத்த மூன்று நிமிடம் முன்னிலை. அவளிடமே கேளுங்கள்: ‘உனக்கு என்ன வேண்டும்? ஏன் இப்படிக் கிடக்கிறாய்?’ பிறகு அவள் வாயிலிருந்து வருவதுபோல் பதிலையும் நீங்களே எழுதுங்கள். கடைசி மூன்று நிமிடம் தன்மை. அவளாகவே மாறி, ‘நான்’ என்று தொடங்குங்கள்: ‘நான் படுத்திருக்கிறேன். எனக்கு யாரைப் பற்றியும் கவலையில்லை. எனக்கு ஓய்வு வேண்டும்.’ எழுதி முடித்ததும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் எந்த வரி எனக்கும் பொருந்துகிறது, ஆனால் நான் எனக்கு அனுமதிக்காதது?

விடை என்னவென்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஐந்து மணி நேரம் தூங்குகிற ஒருவரை, படுத்திருக்கும் ஒருத்தியின் காட்சி இவ்வளவு உலுக்குகிறது என்றால் ஊகிக்க இடமிருக்கிறது. அப்படியே என்றாலும் நீங்கள் சோம்பேறியாக வேண்டியதில்லை. பள்ளி விட்டு வந்ததும், அடுக்களைக்குள் போகுமுன், இருபது நிமிடம் கதவைச் சாத்திப் படுத்தால் போதும். காபி அதற்குப் பிறகு.

இந்தப் பயிற்சி கெடுவது பெரும்பாலும் இரண்டாம் படியில். பதிலை எழுதாமல் குற்றப்பத்திரிகையை மட்டும் நீட்டிக்கொண்டே போவார்கள். மூன்றாம் படியில் ‘நான் அவளை மன்னிக்கிறேன்’ என்று உபதேசத்தில் முடிப்பவர்களும் உண்டு. அது தன்மையில் எழுதிய படர்க்கை, பலன் தராது. இன்னொரு எச்சரிக்கை. யாராவது உண்மையிலேயே அடிக்கிறார், மிரட்டுகிறார், பணத்தைப் பறிக்கிறார் என்றால் அதற்கு 3-2-1 கூடாது. ‘எல்லாம் நீ உள்ளே அமுக்கிவைத்த உன் நிழல்தான்’ என்று பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்க இந்தத் தத்துவத்தை எடுப்பவர்களிடமிருந்து தள்ளியிருங்கள். பழைய பெரிய காயம் ஏதாவது கிளம்பினால் நோட்டை மூடிவிட்டு மனநல ஆலோசகரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கோபம் எழும் அந்தக் கணத்துக்கும் ஒன்று வேண்டும். பூரண யோகத்தில் சொல்லும் ‘பின்வாங்கி நின்று பார்ப்பது’ அப்போதுதான் தேவை, பூஜை அறையில் இல்லை. உடலில் முதல் அறிகுறி எது என்று கண்டுபிடியுங்கள். பலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடேறும். அது தெரிந்ததும் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து முறை. ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு, ‘எனக்குக் கோபம் வருது, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசறேன்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். பத்து நிமிடம் கழித்துக் கட்டாயம் திரும்பி வந்து பேச வேண்டும். வராவிட்டால் அது முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதாக மாறிவிடும். மகளுக்கு அது கத்தலைவிடக் கஷ்டம்.

மகாகாளி விஷயம். ஸ்ரீ அரவிந்தர் அன்னையின் நான்கு சக்திகளாக மகேஸ்வரி, மகாகாளி, மகாலட்சுமி, மகாசரஸ்வதி ஆகியோரைச் சொல்கிறார். இவர்களில் மகாகாளி உக்கிரமானவள்; அதற்காக எல்லாக் கத்தலும் அவள் சக்தி ஆகிவிடாது. பகுத்தறிவுக்குக் கீழே கிடக்கும் பழைய உந்துதலை, அதற்கு மேலே உள்ளதாக எண்ணிக் கொண்டாடுவதை வில்பர் ஒரு அடிப்படைக் குழப்பம் என்கிறார். இரண்டுமே பகுத்தறிவு சாராதவை என்பதால் தூரத்திலிருந்து ஒன்றுபோல் தெரியும். சோதிப்பது சுலபம்: கத்தி முடித்தபின் உங்களுக்குத் தெளிவு இருக்கிறதா, குற்ற உணர்ச்சியும் தொண்டை வலியும் மிஞ்சுகிறதா? அந்த நால்வரில் ஒருவரை இப்போது அழைக்கத்தான் வேண்டுமென்றால், சின்ன வேலையிலும் செம்மை பார்க்கும் மகாசரஸ்வதியை அழையுங்கள். உங்களுக்கு வேண்டியது நேர ஒழுங்குதான்.

நடைமுறைக்கு ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும்: தேதி, தூங்கிய நேரம், கோபம் வந்த மணி, ஒன்றிலிருந்து பத்துக்குள் அதன் வேகம், அடங்க ஆன நேரம். ஒரு நாளைக்கு ஒரே வரி. இரண்டாம் வாரத்திலிருந்து படுக்கை 10 மணி, எழுவது 5.15, தியானம் இருபது நிமிடம். நோட்டுக்கட்டு 9.30-க்கு மூடப்பட வேண்டும். மிச்சத்தைப் பள்ளியிலேயே ஓய்வு வகுப்பில் பாருங்கள். மூன்றாம் வாரத்தில் 3-2-1 சேரட்டும். வேறு எதையும் சேர்க்க வேண்டாம். உடற்பயிற்சி, புதிய புத்தகம், விரதம் எல்லாம் அப்புறம்.

மூன்றாம் வாரம் வாக்கில் ‘தியானத்தைக் குறைத்ததால் கீழே இறங்கிவிட்டேனோ’ என்று மனம் அரிக்கும். மையத்தில் சொன்னால் அதை உறுதிப்படுத்த ஆளும் கிடைக்கும். அந்த ஆறு வாரத்துக்கு யாரிடமும் கணக்குச் சொல்லாதீர்கள், மாமியாரிடம் மதிப்பெண்ணும் கேட்காதீர்கள். உங்கள் குறிப்பில் பார்க்க வேண்டியது கடைசியாக எழுதும் ‘அடங்க ஆன நேரம்’ ஒன்றை மட்டும். கோபம் வந்துகொண்டுதான் இருக்கும். அடங்க இரண்டு மணி நேரம் ஆனது அரைமணியாகக் குறைந்திருந்தால் வேலை நடக்கிறது. அதன்பிறகு தியானத்தை நீட்ட விரும்பினால் வாரத்துக்கு ஐந்து நிமிடமாக நீட்டுங்கள். அந்த ஐந்து நிமிடம் போன் நேரத்திலிருந்து வரட்டும், தூக்கத்திலிருந்து வேண்டாம்.