அடம் இருக்கட்டும், அந்தச் சொற்கள் எங்கே போயின?

அடம், கடித்தல், பொம்மையைப் பிறருக்குத் தராமை, காப்பக வாசலில் அழுகை என்று உங்கள் மகனைப் பற்றி மூன்று பக்கக் கடிதம் எழுதிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: “ஒன்றரை வயதில் ஐந்தாறு சொற்கள் சொன்னான். இப்போது 22 மாதம். சில வாரங்களாக ஒன்றையும் சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வேலைக்குப் போய்விட்டேன் என்று என்மேல் கோபம் போலிருக்கிறது.”

கோபம் இல்லை. தாயைத் தண்டிப்பதற்காக 22 மாதக் குழந்தை பேச்சை நிறுத்துவதில்லை; அந்தக் கலையெல்லாம் கைகூட இன்னும் பல வருடங்கள் ஆகும். உங்கள் கடிதத்தில் நான் கவலைப்படும் செய்தி இது ஒன்றுதான். இதற்காக இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பேச்சுத் தாமதமாக வருவது வேறு, வந்த பேச்சு போவது வேறு. “ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்” என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் தொடங்காத குழந்தைக்கே அதைச் சொல்லிக் காலம் கடத்துவது எனக்குப் பிடிக்காது. தொடங்கி நின்றுபோன குழந்தைக்கு அது பொருந்தவே பொருந்தாது. கற்றுக்கொண்ட சொல்லையோ, கையசைத்து விடைபெறுவது போன்ற பழக்கத்தையோ ஒரு குழந்தை இழந்தால், எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது.

முதலில் செவித்திறன் பரிசோதனை. கதவு சாத்தினால் திரும்புகிறான், பாட்டு போட்டால் ஓடி வருகிறான், ஆகவே காது நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். போதாது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால், பெரிய சத்தம் கேட்கும், பேச்சொலி மங்கலாகிவிடும். பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறினான் என்பது இன்றைய நிலைக்குச் சான்றாகாது.

அடுத்தது வளர்ச்சி மதிப்பீடு. அதற்கு முன் வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் வானத்தில் போகும் விமானத்தையோ தெருவில் போகும் நாயையோ விரலால் சுட்டிக்காட்டும். எடுத்துக் கொடு என்று கேட்பதற்கு அல்ல. நீங்களும் பார்க்க வேண்டும் என்பதற்கு. காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். வளர்ச்சி உளவியலில் இந்தச் சின்னச் செயலுக்குப் பெரிய மதிப்பு உண்டு. தன் மனத்தில் உள்ளதை இன்னொரு மனத்தோடு பகிரலாம் என்று குழந்தை அறிந்திருப்பதன் அடையாளம் அது. மொழியும் நட்பும் அதன்மேல்தான் எழுகின்றன. உங்கள் மகன் அப்படிக் காட்டுகிறானா? முன்பு காட்டி இப்போது நிறுத்திவிட்டானா? பாட்டிலைத் திறப்பதற்கு உங்கள் கையை ஒரு கருவி போலப் பிடித்து இழுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே நிற்கிறானா? எத்தனை சொற்கள் தெரியும் என்பதைவிட இந்த விடைகள் மருத்துவருக்கு உதவும்.

16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கென்று, ஆட்டிசத்துக்கான (பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை) 20 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் இருக்கிறது. மருத்துவர் அதை உங்களிடம் கேட்கலாம். அது சலித்தெடுக்க மட்டுமே, நோயை உறுதிசெய்ய அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்குமே இந்தச் சோதனையைப் பரிந்துரைக்கிறது. ஆகவே அதைக் கேட்டவுடன் நடுங்க வேண்டியதில்லை. இணையத்தில் நீங்களே நிரப்பி, நீங்களே மதிப்பெண் போட்டு, இரவு இரண்டு மணிக்கு அழவும் வேண்டாம். குழந்தை சில நொடிகள் வெறித்துப் பார்த்து உறைந்துபோவதோ, உடல் திடீரென்று வெட்டி இழுப்பதோ இருந்தால் மட்டும் வாரம் எண்ணாதீர்கள்; அன்றைக்கே போங்கள்.

ஒருவேளை ஆட்டிசம் என்றே முடிவானால்? “என் வளர்ப்பால்தான் என்று ஆகிவிடுமே” என்பதுதான் உங்கள் உண்மையான பயம். அப்படிச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. தாயின் பாசமின்மையே காரணம் என்று, அன்று உளவியல் அறிஞராகப் போற்றப்பட்ட புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் 1960களில் அடித்துச் சொன்னார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே அதை மறுத்தார். பிறகு வந்த இரட்டையர் ஆய்வுகள் மரபணுவின் பங்கைத் தெளிவாகக் காட்டின. செத்துப்போன அந்தக் கோட்பாட்டை உங்களுக்காக உயிர்ப்பிக்க வேண்டாம்.

பாசப்பிணைப்பைச் சோதிக்க நீங்கள் வீட்டில் நடத்திய பரிசோதனைக்கு வருகிறேன். மகனைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டு வெளியேறி, ஜன்னல் வழியாகக் கைப்பேசியில் படம் பிடித்து, திரும்பி வந்தபோது அவன் உங்களை அடித்ததால் “பாதுகாப்பற்ற பிணைப்பு”, அதாவது தாயை நம்பி ஆறுதல் பெற முடியாத நிலை, என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் வடிவமைத்த அசல் சோதனை, புதிய அறையில், சுமார் இருபது நிமிடம், வரையறுத்த கட்டங்களாக நடப்பது. மதிப்பிடுபவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். அழுதானா என்பதைவிட, தாய் திரும்பியதும் ஆறுதல் தேடி வந்து தேறுகிறானா என்பதையே முக்கியமாகப் பார்ப்பார்கள். பாதுகாப்பான பிணைப்பு என்ற வகையில் வராத குழந்தைகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் நோயாளிகள் அல்லர். தயவுசெய்து இன்னொரு முறை செய்யாதீர்கள்.

தாய் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ள, குழந்தை துவண்டுபோகும் காணொளியைப் பார்த்து உறக்கம் போயிற்று என்றும் எழுதியிருக்கிறீர்கள். உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1978இல் வெளியிட்ட ஆய்வின் முறை அது. அதே ட்ரோனிக் சொன்ன இன்னொன்று அவ்வளவாகப் பரவவில்லை: நன்றாக இருக்கும் தாயும் குழந்தையும்கூடச் சுமார் 30 சதவீத நேரம்தான் இசைந்திருக்கிறார்கள். மீதி நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதும்தான். குழந்தை கற்பதும் அந்தச் சரிசெய்தலில்தான். அலுவலகம் முடிந்து வந்து கத்திவிட்டீர்கள், பிறகு தூக்கிச் சமாதானம் செய்தீர்கள். அதுபோதும். வேலைக்குப் போவது பற்றியும் ஒரு வார்த்தை: 1991இல் தொடங்கி அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த பெரிய ஆய்வில், காப்பகத்தில் இருப்பது மட்டுமே தாயுடனான பிணைப்பைக் கெடுப்பதாகத் தெரியவில்லை.

மற்றவை: இந்த வயதில் கடிப்பார்கள், அடிப்பார்கள். உடலால் தாக்குவது வாழ்நாளிலேயே மிக அதிகமாக இருப்பது இரண்டு, மூன்று வயதில்தான் என்று உளவியலாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளேயின் ஆய்வுகள் காட்டின. பொம்மையைத் தரமாட்டான், தரவேண்டிய வயது இல்லை. காப்பக வாசலில் அழுது, நீங்கள் போனதும் விளையாடுகிறான் என்றால் அது நல்ல செய்தி. தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, அழுகை அரை மணி நேரத்துக்குப் பின்னும் அடங்காமல் நாள்தோறும் வந்தாலோ மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

“அமைதியாகத் தூங்கட்டும்” என்று கொடுக்கும் சளி மருந்தை இன்றே நிறுத்துங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது ஆபத்து. சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பைத் தரும். நீங்கள் எழுதிய இரவு அழுகைக்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். மூளை வளர்ச்சிக்கு என்று வாங்கிய டானிக் பேச்சைத் திருப்பித் தராது. பேச்சு நின்றதற்குக் காரணம் இன்னதுதான் என்று மருத்துவர்கள் பெயரிட்டு உறுதிசெய்ய மாதங்கள் ஆகலாம். பேச்சுப் பயிற்சி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மருத்துவரிடம் போகும்போது, அவன் சொற்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்துப் படப்பதிவையும் இப்போதைய படப்பதிவையும் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சொல், ஏறக்குறைய எந்தத் தேதியில் நின்றது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். “மூன்று வயது வரை பார்க்கலாம்” என்று அங்கே சொன்னால், அந்தத் தாளை மறுபடி காட்டுங்கள். அப்போதும் அதே பதில் என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.