மின்கட்டணம் உயர்ந்தால் சோலார், காற்றாலை முதலீடு பெருகிக் கரியமில வாயு குறையுமா?

கட்டணத்தை உயர்த்தினால் ஆலைக்காரர்கள் தாமாகவே சோலாருக்கும் காற்றாலைக்கும் மாறிவிடுவார்கள் என்ற எண்ணத்தில் இக்கேள்வி எழுந்திருக்கிறது. பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் மாதாமாதம் மின்கட்டணப் பில்லைச் சரிபார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பில்லின் எந்த வரியில் கட்டணம் ஏறுகிறது என்பதைப் பொறுத்தே முதலீடு வரும்.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு யூனிட் விலை 6.35 ரூபாயிலிருந்து 6.75 ஆனது, டிமாண்ட் சார்ஜ் (ஒரே நேரத்தில் இழுக்கும் மின்பளுவுக்காக மாதாமாதம் கட்டும் தொகை), அந்தப் பளுவை அளக்கும் அலகான கே.வி.ஏ. ஒன்றுக்கு 350 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 550 ஆனது. எங்கள் ஆலைக்கு அனுமதித்த அளவு 500 கே.வி.ஏ. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அதில் 90 சதவீதத்துக்குக் கட்டியாக வேண்டும் என்பதால், இந்த ஒரு வரியில் மட்டும் மாதம் 90,000 ரூபாய் கூடியது. கூரை முழுக்கப் பேனல் பதித்தாலும் இதில் ஒரு காசு குறையாது; மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைக்கு நள்ளிரவிலும் அதே டிமாண்ட்தான். பேனல் மிச்சப்படுத்துவது யூனிட் விலையை மட்டுமே என்பதால், பில் எகிறிய அந்த ஆண்டில் சோலாரின் ஆதாயம் சாதாரண நேர யூனிட்டுக்கு 40 காசுதான் உயர்ந்தது. முதலாளி கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்று ஃபைலை மூடி வைத்தார்.

காற்றாலைக் கணக்கு வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆனி, ஆடிக் காற்றை நம்பி ஆலைக்காரர்கள் உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலை நட்டார்கள். காற்று நான்கைந்து மாதம், நூல் ஓட்டுவதோ பன்னிரண்டு மாதம். ஆடியில் சுழன்ற யூனிட்டை வாரியக் கணக்கில் வரவு வைத்துத் தை மாசியில் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' ஏற்பாடுதான் அந்த முதலீட்டைத் தாங்கியது. (உள்ளதைச் சொன்னால், காற்றாலை விலையில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கணக்கில் காட்டி வருமான வரியைக் குறைக்கவே நட்டவர்களும் உண்டு, அது 2017-இல் 40 சதவீதமாகச் சுருங்கியது.) 2018 மார்ச்சுக்குப் பின் நிறுவுவோருக்கு ஆண்டு முழுவதற்குமான பேங்கிங் கிடையாது என்று ஆணை வந்ததும், எனக்குத் தெரிந்த ஆலைக்காரர்கள் புதிதாக நடுவதைத் தள்ளிப்போட்டார்கள்.

கரியமில வாயுவுக்கு வருவோம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ வெளியேறுகிறது. மாலை 6 முதல் 10 வரை யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்டியும் எங்களால் ஸ்பின்டிலை (நூல் முறுக்கும் கதிரை) நிறுத்த முடியாது. வெயில் சாய்ந்த அந்நேரத்தில் மேட்டூர் போன்ற அனல் நிலையங்களின் நிலக்கரிதான் கைகொடுக்கிறது. வெயில் நேரத்துக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும் என்று 2023-இல் ஒன்றிய அரசு விதியைத் திருத்தியது. அது வேலையைப் பகலுக்கு நகர்த்தும். ஆனால் கூரையில் பேனல் போட்டவரின் ஆதாயத்தை அதே அளவுக்குக் கடிக்கும். இருந்தும், உமிழ்வைக் குறைக்க அதுவே சரியான வழி என்பது என் கருத்து.

எங்கள் ஆலையில் அப்படி நகர்த்த முடிந்தவை கழிவுப் பஞ்சை அழுத்திப் பேல் (பொதி) போடும் பிரஸ்ஸும் தண்ணீர் மோட்டாரும்தான். இரண்டையும் இப்போது காலை பத்து மணிக்கு மேல்தான் போடுகிறோம்.