பள்ளியை விட்டு வருமுன் எழுதி வாங்க வேண்டியது

சோழவந்தானிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் ஒன்பதாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பிலிருந்து அவனுடைய குறைபாட்டுக்கு ஏற்றபடி அவனுக்கென்றே தனிநபர் கல்வித் திட்டம் (தனித்திட்டம்) போட்டு, வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் வந்து சொல்லிக் கொடுக்கிறார். இப்போது பள்ளியில், "பத்தாவது எழுதினால் ஃபெயில்தான் ஆவான், டி.சி.யை வாங்கிக்கொண்டு ஏதாவது தொழிலில் விடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். "இத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போனதற்கு என் பிள்ளை கையில் என்ன சார் இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். ஆனால் டி.சி. வாங்கிய பிறகு வருகிறார்கள். நீங்கள் முன்னாலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று.

டி.சி. இப்போது வாங்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ஃபெயில் ஆவான் என்று பயந்து ஒரு பிள்ளையை வெளியே அனுப்ப அதில் இடமில்லை. அதே சட்டத்தின் 16-வது பிரிவில், நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு வரி இருக்கிறது. மாற்றுத்திறனுள்ள ஒவ்வொரு மாணவரும் எந்த அளவுக்குக் கற்றிருக்கிறார், படிப்பை முடித்தாரா என்று பள்ளி தொடர்ந்து பார்த்து வரவேண்டும் என்கிறது அந்த வரி. அப்படிப் பார்த்து வந்தால் எழுதிக் கொடுக்கவும் முடியும். தலைமையாசிரியரிடம் பேசும்போது சண்டை வேண்டாம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அடுத்து, எட்டாம் வகுப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவின்படி, எட்டாவது வரை முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முடித்ததற்கான சான்றிதழ் கொடுக்க வேண்டும். தனித்திட்டத்தில் படித்த பிள்ளைக்கும் அது உண்டு. உங்கள் மகனுடையது வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஒயர்மேன், தையல் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் நேரில் விசாரித்துக்கொள்ளலாம். அங்கேயும் கடைசியில் தேர்வு உண்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்களே பெரிதாக எண்ணாமல் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறது. "கணக்கு சுத்தமாக வராது சார், சாயங்காலம் அப்பாவோடு உட்கார்ந்து வெற்றிலை கவுளி கட்டுவான், அதுதான் அவனுக்குத் தெரிந்த ஒன்று." அம்மா, கவுளி என்றால் 100 இலை. வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலிலிருந்து வந்த குவியலில் கையை விட்டு, காம்பெல்லாம் ஒரே பக்கம் வருகிற மாதிரி அடுக்க வேண்டும். கிழிந்தது, புள்ளி விழுந்தது, முற்றியது எல்லாவற்றையும் தனியே போட வேண்டும். எண்ணிக்கை தவறாமல் 100 வந்ததும் நாரைச் சுற்றிக் கட்டி ஈரத்துணிக்கு அடியில் வைக்க வேண்டும். இரண்டு இலை குறைந்தால் வியாபாரி அடுத்த நாள் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டுப் போவார். இதைத் தினமும் செய்கிற பையனுக்குக் கணக்கு வராது என்று எப்படிச் சொல்வது? 100 வரை பிழையில்லாமல் எண்ணுவான், தரம் பிரிப்பான், ஒரே வேலையை ஒரு மணி நேரம் கவனம் சிதறாமல் செய்வான். இந்த மூன்றும் அவன் மதிப்பெண் அட்டையில் எங்கேயாவது இருக்கின்றனவா? இருக்காது. அட்டையில் கணிதத்துக்கு நேரே ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான்.

தனித்திட்டத்தில் படித்த பிள்ளை பள்ளியை விட்டு வரும்போது இரண்டு வகைக் காகிதம் வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். தேர்ச்சி பெற்றான் அல்லது இத்தனை மதிப்பெண் எடுத்தான் என்று வாரியம் கொடுப்பது ஒன்று. அவனால் என்ன செய்ய முடியும், எந்த உதவி இருந்தால் செய்ய முடியும் என்று பள்ளி எழுதிக் கொடுப்பது இன்னொன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இந்த இரண்டையும் வெளிப்படையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். பள்ளி இறுதிப் பட்டயம் தனி. தனித்திட்ட இலக்குகளை முடித்த மாணவர்களுக்கு 'எவர்கிரீன்' என்ற நிறைவுச் சான்றிதழ் தனி. ஒன்று மற்றொன்றுக்குச் சமம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, ஆனால் இரண்டுக்கும் மரியாதை உண்டு. நம் பத்தாம் வகுப்பு வாரியத்தில் அப்படி ஒரு சான்றிதழ் கிடையாது. அதனால் இரண்டாவது காகிதத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதில் பள்ளிகள் நல்ல மனதோடு செய்கிற ஒரு தப்பு உண்டு. "நன்னடத்தை உள்ள மாணவர், நல்ல முன்னேற்றம் காட்டியுள்ளார், வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறோம்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். படிக்கச் சந்தோஷமாக இருக்கும். வேலை கொடுப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. வாழ்த்து வேறு, சான்று வேறு. உங்களுக்கு வேண்டிய வரிகள் இந்த மாதிரி இருக்க வேண்டும்:

"100 வரை உள்ள பொருள்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து, உதவியின்றிப் பிழையில்லாமல் எண்ணுவார்."

"500 ரூபாய்க்குள் மீதிச் சில்லறையைக் கால்குலேட்டர் வைத்துச் சரியாகக் கொடுப்பார்."

"மூன்று படிகள் கொண்ட வேலையை ஒரு முறை செய்து காட்டினால் தானே திரும்பச் செய்வார். வாய்மொழியாக மட்டும் சொன்னால் இரண்டாவது முறை நினைவூட்ட வேண்டும்."

மூன்றாவதில் குறையும் எழுதியிருக்கிறதே என்று பதற வேண்டாம். அந்தக் குறைதான் அந்தக் காகிதத்தை நம்ப வைக்கிறது. கடை முதலாளி அதைப் படித்தால், இந்தப் பையனுக்கு வேலையை வாயால் சொல்லக் கூடாது, செய்து காட்ட வேண்டும் என்று முதல் நாளே தெரிந்துகொள்வார். தெரியாமல் போனால் நாலாம் நாள் "இவன் சொன்னால் கேட்க மாட்டேங்கிறான்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இப்படி ஐந்தாறு வரி போதும். கீழே தலைமையாசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரை, சிறப்புப் பயிற்றுநரின் கையெழுத்து, தேதி. மேலே எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த வகுப்புகளில் படித்தான், கல்வித் துறைப் பதிவில் அவனுக்குள்ள எமிஸ் எண் என்ன என்பது இருக்கட்டும். கூடவே தனித்திட்டப் பதிவேட்டின் நகல். வருடா வருடம் என்ன இலக்கு வைத்தார்கள், எதை எட்டினான் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நகலை இப்போதே வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் பிள்ளையை அவள் பாட்டி என்னிடம் கூட்டி வந்தார். பள்ளியை விட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மஞ்சப்பையில் டி.சி. ஒன்றுதான் இருந்தது. ஏழு வருடம் சொல்லிக் கொடுத்த பயிற்றுநர் வேறு ஒன்றியத்துக்கு மாறிப் போயிருந்தார். பள்ளிக்குப் போய்க் கேட்டால், அறையைக் காலி செய்தபோது பழைய கோப்புகள் போய்விட்டன என்றார்கள். அந்தப் பிள்ளை அழகாகத் தையல் போடுவாள், தானே அளவெடுப்பாள். அவளுக்கு அது தெரியும் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லாமல், சேர்ந்த ஒவ்வொரு இடத்திலும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வைத்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

சரி, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வருவோம். எழுதவே வேண்டாம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதைப் பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே செய்யுங்கள், தேர்வு நெருங்கும்போது ஓடினால் கிடைக்காது. எல்லாப் பாடத்திலும் 35 எடுக்காவிட்டாலும், தேறிய பாடம் தேறியதுதான். மீதியை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம்.

அது அவனுக்கு மிகப் பாரமாக இருக்கும் என்று பயிற்றுநரே சொன்னால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். தமிழிலேயே எழுதலாம். ஐந்து பாடம் போதும், அதில் ஒரு மொழி இருந்தால் சரி. மனையியல், ஓவியம் போன்ற பாடங்களையும் எடுக்கலாம். தேர்ச்சிக்கு 33. பெரிய வசதி என்னவென்றால், ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு பாடம் எழுதினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. பிறகு எந்தப் படிப்புக்கு, எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் அந்த அறிவிக்கையில் கல்வித் தகுதி என்ற வரியை முழுதாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பள்ளி எழுதிக் கொடுக்கும் அந்தத் திறன் சான்று பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது. அதைக் காட்டி அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் தொழிற்பயிற்சி மையத்தில், கடையில், பட்டறையில் அவனைப் புதிதாகப் பார்க்கிறவருக்கு அவனைச் சரியாக அறிமுகப்படுத்தும். அந்த வேலையை மதிப்பெண் பட்டியல் செய்வதில்லை.

மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை, அதாவது யூ.டி.ஐ.டி. அட்டை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அட்டையிலும் ஆதாரிலும் எமிஸிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள். ஒரு எழுத்து மாறியதால் ஆட்சியர் அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தவர்களை எனக்குத் தெரியும். உயர்கல்வியில் 5 சதவீதமும் அரசு வேலையில் 4 சதவீதமும் இட ஒதுக்கீடு இருக்கிறது. பின்னால் அவன் எந்தப் பக்கம் போனாலும் அந்த அட்டை வேண்டும்.

அப்புறம், அவனிடம் கேட்டீர்களா? கடிதம் முழுக்க நீங்களும் அப்பாவும் பள்ளியும் இருக்கிறீர்கள், அவன் என்ன சொன்னான் என்பது இல்லை. பத்தாவது எழுத ஆசையா, கூடப் படித்தவர்களோடு இன்னும் ஒரு வருடம் இருக்க ஆசையா, கொடிக்கால் வேலை பிடிக்குமா, வேறு எதையாவது கற்றுக்கொள்ள நினைக்கிறானா என்று கேளுங்கள். ஒரே நாளில் பதில் வராது. ஒரு வாரம் விட்டு விட்டுக் கேளுங்கள்.

பள்ளியில் பேசிவிட்டு, பதிவேட்டின் நகலோடு இருவரும் மதுரைக்கு வாருங்கள். வரும்போது அவன் கையால் கட்டிய கவுளி ஒன்றும் கொண்டு வாருங்கள். அவன் அதைப் பிரித்து எண்ணுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அந்தச் சான்றின் முதல் வரியை மூன்று பேருமாக எழுதுவோம்.