வண்டி இரண்டரை டன் தாங்கும், ஆள்?

கேள்வி: கோவைப் பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரக் குடோனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்களிடம் மூன்று ஹேண்ட் பாலெட் டிரக் இருக்கின்றன (சரக்கு அடுக்கிய பலகைத் தட்டான பாலெட்டின் அடியில் ஃபோர்க் என்ற இரண்டு நீள இரும்புக் கரங்களை நுழைத்து, பம்ப் அடித்துத் தூக்கி, கையால் நகர்த்தும் வண்டி). மூன்றிலும் 2,500 கிலோ என்று பிளேட்டில் அடித்திருக்கிறது. நாங்கள் ஏற்றுவது 26 கிலோ அரிசிச் சிப்பம் 40 மட்டும்தான். இருந்தும் போன மாதம் வண்டியை இழுத்து வந்த லோடுமேன் தம்பி ஒருவரின் குதிகாலில் அது ஏறிவிட்டது. இன்னும் அவர் வேலைக்குத் திரும்பவில்லை. வாசலில் 10 அடி நீளத்துக்கு 1 அடி இறங்கும் சிமென்ட் சரிவு வேறு இருக்கிறது. வண்டியைத் தள்ள வேண்டுமா, இழுக்க வேண்டுமா? எல்லோருக்கும் சேஃப்டி ஷூ வாங்கிக் கொடுத்தால் போதும் என்கிறார் முதலாளி. சரியா? இன்னொன்று, ஒரு வண்டி பம்ப் அடித்துத் தூக்கினாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஷூ வேண்டும், ஆனால் உங்கள் குடோனில் நடந்த விபத்தை அது தடுத்திருக்காது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15298-படி தயாரான சேஃப்டி ஷூவின் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கால் விரல்மேல் விழுந்தால் தாங்கும். அந்தக் கவசம் விரலுக்கு மட்டும்தான். வண்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடப்பவருக்கு அடிபடுவது பின்னங்காலில், குதிகாலுக்கு மேலே இருக்கும் அந்தத் தடித்த தசைநாணில். அங்கே ஷூவில் வெறும் தோல்தான் இருக்கிறது.

பிளேட்டில் இருக்கும் 2,500 கிலோதான் உங்களை ஏமாற்றுகிறது. அது ஃபோர்க்கும் பம்ப்பும் தாங்கும் எடை. சுமை இரண்டு ஃபோர்க்கின் மேலும் சமமாகப் பரவி இருந்தால்தான் அதுவும். ஓர் ஆள் எவ்வளவு நகர்த்தலாம் என்று அந்தப் பிளேட் எதுவும் சொல்லவில்லை. எவ்வளவை நிறுத்தலாம் என்றும் சொல்லவில்லை. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு பிரேக்கே கிடையாது. ஓட்டுகிறவரின் உடம்புதான் பிரேக்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 40 சிப்பம் 1,040 கிலோ. (25 கிலோவுக்கு மேல் போனால் ஜி.எஸ்.டி. இல்லை என்று 2022-இல் வந்த விதியால் சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடியது. தூக்குகிறவர் முதுகிலும் அந்த ஒரு கிலோ கூடியதை யாரும் பேசவில்லை.) மரப் பாலெட், வண்டி இரண்டின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ. ஆக 1,140 கிலோ. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது: நல்ல நிலையில் இருக்கும் வண்டி, சமமான வழவழப்புத் தரை, அப்போதும் மொத்த எடையில் குறைந்தது 2 சதவீத விசை கொடுத்தால்தான் வண்டி நகரும். உங்கள் சுமைக்கு அது 23 கிலோ. அதே அமைப்பு ஆண்களுக்குச் சொல்லும் வழிகாட்டி அளவு, நிற்கும் வண்டியைக் கிளப்பவும் ஓடும் வண்டியை நிறுத்தவும் 20 கிலோ, ஓடிக்கொண்டிருப்பதை ஓட்டிக்கொண்டே இருக்க 10 கிலோ. பெண்களுக்கு 15, 7. இது சட்ட வரம்பு இல்லை, இதைத் தாண்டினால் உட்கார்ந்து யோசி என்று சொல்லும் எச்சரிக்கைக் கோடு. உங்கள் ஆட்கள் சமதரையிலேயே, வண்டி புத்தம் புதிதாக இருந்தாலும், அந்த 10 கிலோ கோட்டின் இரண்டு மடங்குக்கு மேலே வேலை செய்கிறார்கள். கிளப்பும்போது இதைவிடவும் கூடுதல் விசை வேண்டும்.

நிறுத்துவதற்கு வருவோம். சாதாரண நடை வேகத்தில் வரும் அந்தச் சுமையை, 20 கிலோ விசையோடு எதிர்த்துப் பிடித்தால் நிற்க ஏறக்குறைய 2 மீட்டர் ஆகும். இழுத்து வருகிறவர் நடையை நிறுத்திய அந்த நொடியில் வண்டிக்கும் அவர் காலுக்கும் நடுவில் இருப்பது கைப்பிடி நீளம் மட்டும்தான். திடீரென்று எதிரே ஆள் வந்தாலோ, போனை எடுக்கக் கொஞ்சம் நின்றாலோ, வண்டி காலைத் தேடி வந்துவிடும். உங்கள் தம்பி கவனக்குறைவாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இரண்டு மீட்டரில் நிற்க வேண்டிய வண்டிக்கு ஒரு மீட்டர்தான் இருந்தது.

அதனால் "தள்ளவா, இழுக்கவா" என்பதற்கு என் பதில்: நீள ஓட்டத்துக்குத் தள்ளுங்கள். தள்ளும்போது உடம்பு எடை முழுதும் உதவிக்கு வரும், முதுகு முறுகாது, கால் சக்கரத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். ஆனால் எப்போதும் தள்ளு என்று விதி எழுதி ஒட்டிவிடாதீர்கள். ஒடுக்கமான சந்தில் திரும்பவும், பாலெட்டை ரேக்கடியிலிருந்து வெளியே எடுக்கவும் இழுத்துத்தான் ஆக வேண்டும். திருப்பும் சக்கரம் கைப்பிடிப் பக்கம் இருப்பதால் தள்ளும்போது வண்டியின் மூக்கு போகும் திசை கொஞ்சம் பிடிபடாது. சிப்பம் கண் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தால் தள்ளுகிறவருக்கு முன்னால் சுவர்தான் தெரியும். அப்படி அடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் முன்னால் ஓர் ஆள் நடக்கட்டும்.

இழுக்கும்போது வண்டிக்கு நேர் முன்னால் நடக்கக் கூடாது. கைப்பிடியை ஒரு பக்கமாகப் பிடித்து, சக்கரம் வரும் கோட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் நடக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது, ஒருவரை நடக்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் சக்கரக் கோடு வரைந்து காட்டுங்கள். கால் எவ்வளவு அருகில் போகிறது என்று அவரே பார்க்கட்டும். கிளப்பும்போது நேராக இழுத்து முக்குவதற்குப் பதில் கைப்பிடியைக் கொஞ்சம் ஒரு பக்கம் திருப்பிக் கிளப்பினால் சக்கரம் எளிதாக உருளத் தொடங்கும். பழைய லோடுமேன்கள் யாரும் சொல்லித் தராமலே இதைச் செய்வார்கள்.

கைப்பிடியில் இருக்கும் சின்ன லிவரையும் கவனியுங்கள். கீழே அழுத்தினால் பம்ப், மேலே இழுத்தால் இறங்கும், நடு நிலை ஓட்டுவதற்கு. பலர் தூக்கி முடித்த பிறகும் லிவரைப் பம்ப் நிலையிலேயே விட்டுவிட்டு ஓட்டுவார்கள். அப்போது வழி நெடுகக் கைப்பிடி ஆடும் ஒவ்வொரு தடவையும் சுமை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். வண்டி 20 சென்டிமீட்டர் வரை தூக்கும்தான், ஆனால் அவ்வளவு தூக்கத் தேவையே இல்லை. பாலெட் தரையை விட்டு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் எழுந்தால் போதும். தாழ்வாக இருந்தால் சரியாது. அதோடு, வண்டி கையை மீறினால் லிவரை மேலே இழுத்து சுமையை இறக்கிவிட்டால் பாலெட் தரையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். பிரேக் இல்லாத வண்டியில் பிரேக் போலப் பயன்படுவது இது ஒன்றுதான். ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் (அடுக்கைச் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாள்) சுற்றாத அடுக்காக இருந்தால் மேலே இருக்கும் நாலு சிப்பம் சரியலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

இனி அந்தச் சரிவு. உண்மையைச் சொன்னால் எனக்கு உங்கள் கடிதத்திலேயே கவலை தந்தது இதுதான், குதிகால் இல்லை. 10 அடிக்கு 1 அடி என்றால் 1,140 கிலோவைக் கீழே இழுக்கும் விசை 114 கிலோ. சக்கரத்தின் தடை 23 கிலோவைக் கழித்தாலும் இறங்கும்போது ஓர் ஆள் 90 கிலோவைப் பிடித்து நிறுத்திக்கொண்டே நடக்க வேண்டும். ஏறும்போது அதே 23 எதிர்ப்பக்கம் சேர்ந்து 137 கிலோ. இரண்டு பேர் பிடித்தாலும் இது மனிதர் செய்யக்கூடிய வேலை இல்லை. சரிவில் இதுவரை விபத்து இல்லை என்றால் அது அதிர்ஷ்டம். இந்த வண்டியைச் சமதரையில் மட்டும் ஓட்டு என்று பல கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதித்தான் விற்கின்றன. அந்தக் கையேடு உங்கள் ஆபீஸ் அலமாரியில் பிரிக்காமல் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

முழுப் பாலெட்டைச் சரிவில் இறக்குவதை நாளையிலிருந்து நிறுத்துங்கள். பிரேக்கோடு வரும் பேட்டரி வண்டி வாங்கலாம், அது அந்தச் சரிவுக்குத் தகுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அல்லது சரிவை நீட்டிக் கட்டுங்கள். 10 அடியை 20 அடியாக்கினால் இழுக்கும் விசை பாதியாகும், அதுவும் 57 கிலோ என்பதை மறக்க வேண்டாம். அதுவரைக்கும் சரிவுக்கு 10 சிப்பத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பேர் பிடிக்கட்டும். ஏறினாலும் இறங்கினாலும் ஆட்கள் நிற்க வேண்டியது சுமைக்கு மேல்பக்கம். அதாவது ஏறும்போது இழுக்க வேண்டும், இறங்கும்போது வண்டி முன்னால் போக, பின்னால் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கீழ்ப்பக்கம் யாரும் நிற்கவோ குறுக்கே போகவோ கூடாது. நடுச் சரிவில் திருப்பக் கூடாது. கையை மீறிவிட்டால் விட்டுவிட வேண்டும். "சரக்கு போனால் போகட்டும், விட்டுவிடு" என்று முதலாளி வாயால் ஒரு தடவை சொல்ல வையுங்கள். அவர் சொல்லாதவரை ஆட்கள் விடமாட்டார்கள், பிடித்துக்கொண்டே போவார்கள்.

சமதரைக்கும் என் யோசனை பாதிப் பாலெட்தான். 20 சிப்பம் என்றால் எல்லாம் சேர்ந்து 620 கிலோ, 12 கிலோவுக்குச் சற்று மேல் விசை. ஏறக்குறைய அந்த 10 கிலோ கோட்டுக்கு அருகில் வந்துவிடுகிறோம். நடை இரண்டாகும் என்று முதலாளி முகம் சுளிப்பார். அவருக்குக் காட்ட ஒரு வழி சொல்கிறேன்: பயணப் பை எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்று வாங்கி, கைப்பிடியில் கயிறு கட்டி மாட்டி, கிடைமட்டமாக மெதுவாக இழுத்து எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே சுமையோடு செய்யுங்கள். மூன்று வண்டியும் மூன்று எண் காட்டினால் எந்தச் சக்கரம் கெட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சக்கரத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சுமையை இறக்கிவிட்டு வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஃபோர்க்கின் நுனியில் இருக்கும் சின்ன ரோலரைக் கையால் சுற்றிப் பாருங்கள். அரிசிக் குடோன் வண்டியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: சிப்பத்தின் வாய் தைத்த நூல், பிரிந்து கிடந்த ஃபிலிம், பட்டைத் துண்டு எல்லாம் அச்சைச் சுற்றி இறுகி, அதன்மேல் தவிடும் தூசியும் கெட்டியாகப் படிந்திருக்கும். ரோலர் சுற்றாமல் தரையில் தேய்ந்துகொண்டே போயிருந்தால் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். பிளேடால் நூலை அறுத்து எடுங்கள், தட்டையானதை மாற்றுங்கள். அந்த ரோலரின் விட்டம் 8 சென்டிமீட்டர்தான், அதனால் தரையில் கிடக்கும் ஒரு ஜல்லிக் கல்லே வண்டியைச் சட்டென்று நிறுத்தி மேலடுக்கைச் சாய்த்துவிடும். வேலை தொடங்கும்முன் வண்டிப் பாதையைக் கூட்டுவது சுத்தத்துக்காக மட்டும் இல்லை. கரடுமுரடான தரைக்கு இரட்டை ரோலர் நல்லது. நைலான் எளிதாக உருளும், பி.யு. (பாலியூரிதேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) சத்தமில்லாமல் தரையைப் பிடித்து ஓடும்.

பாலெட்டை விட ஃபோர்க் நீளமாக இருந்தால் நுனி மறுபக்கம் நீட்டிக்கொண்டு அடுத்த பாலெட்டைக் குத்தும். நீளம் பொருந்தாமல் ரோலர் பாலெட்டின் அடிப்பலகை மேல் உட்கார்ந்தால், பம்ப் அடித்ததும் பலகை உடையும். வண்டியை ஸ்கூட்டர் மாதிரி ஏறி ஓட்டுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள். நிறுத்தும்போது ஃபோர்க் தரையில் முழுதாக இறங்கியிருக்க வேண்டும், கைப்பிடி நிமிர்ந்து நிற்க வேண்டும், வண்டி நடைபாதையில் இருக்கக் கூடாது.

அடிபட்ட தம்பி இ.எஸ்.ஐ.யில் இருந்தால் விபத்து அறிக்கை போய்விட்டதா என்று பாருங்கள். ஒப்பந்த ஆள்தானே என்று விட்டுவிடும் வழக்கம் உண்டு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான உதவித்தொகை அவருக்கும் உரியது. சட்டத்தைப் பற்றிக் கேட்டால், காயம் உண்டாக்கும் அளவுக்குக் கனமானதைத் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ தொழிற்சாலையில் யாரையும் வைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் (2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்தது) 34-ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். "நகர்த்தவோ" என்பதற்குள் பாலெட் வண்டியும் வந்தது.

கடைசியாக, தானாக இறங்கும் வண்டி. முதலில் லிவரிலிருந்து பம்ப்புக்குப் போகும் செயினின் முனையில் உள்ள திருகைப் பாருங்கள். அது இறுகிப் போயிருந்தால் நடு நிலையிலேயே இறக்கும் வால்வு லேசாகத் திறந்தபடி இருக்கும், சரிசெய்தால் போதும். அடுத்து ஹைட்ராலிக் ஆயில் அளவு. குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு, சுமை இல்லாமல், லிவரை இறக்கும் நிலையில் பிடித்தபடி பத்துப் பதினைந்து தடவை கைப்பிடியை அடித்தால் உள்ளே புகுந்த காற்று வெளியேறும். இதற்குப் பிறகும் இறங்கினால் சீல் போயிருக்கிறது, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அதுவரை கைப்பிடியில் "பயன்படுத்த வேண்டாம்" என்று அட்டை கட்டினால் மட்டும் போதாது. மாலை லாரி வந்து நிற்கும்போது அட்டையைக் கழற்றிவிட்டு எடுத்துவிடுவார்கள். பூட்டுகிற அறையில் போட்டுச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.