கட்டடம் வேண்டாம், காடிச் (கார்) செலவு கொடுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியே வரும் பெண்களுக்கு உதவுகிற சிறு குழு ஒன்றில் பல வருடம் கணக்கு எழுதியவள் நான். இந்த வேலைக்குப் பணம் எப்படிச் சேர்ப்பது, எதில் போடுவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவில் பொருளாளர் ஒருவர்: திருவிழா செலவு போக 40,000 வெள்ளி (ரிங்கிட்) மிச்சம். கோவில் நிலத்திலேயே இப்படிப்பட்ட பெண்களுக்கு ஓர் இல்லம் கட்டலாமா?

நல்ல மனசு ஐயா, ஆனால் வேண்டாம். நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ தங்கவைத்துப் பராமரித்தால் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். அதற்கு முன் பொம்பா (தீயணைப்பு இலாகா), நகராண்மை என்று அலைச்சல். அதையெல்லாம் முடித்தாலும் கோவில் பக்கத்து வீடு ஊருக்கே தெரிந்த வீடு. தேடி வரும் புருஷனுக்கு வழிகூடக் கேட்க வேண்டியிருக்காது.

தங்குமிடம் வெளியூரில் இருப்பதே பாதுகாப்பு. 1982இலிருந்து பெண்கள் உதவி அமைப்பு கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் காப்பகம் நடத்துகிறது, அரசாங்க இல்லங்களும் உண்டு. நம் ஊரில் இல்லாதது, அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700, முதலாளி பங்கு இபிஎப் (ஊழியர் சேமநிதி) 221. மாதம் 1,921, வருடத்துக்கு 23,052. பெர்கேசோ (தொழிலாளர் காப்புறுதி) சந்தா தனி, அது சின்னத் தொகை. ஆக உங்கள் பணத்தில் ஒரு வருடம் முழுநேர ஆள் வைத்தும் ஏறக்குறைய 17,000 கையில் நிற்கும்.

அந்த 17,000க்கு வேலை நிறைய. ராத்திரி ஒரு மணிக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் காடி எடுக்க வேண்டும். அடையாள அட்டையைப் புருஷன் உடைத்துப் போட்டிருப்பான், புதிது எடுக்க வேண்டும். பிள்ளைக்கு வேறு பள்ளிச் சீருடை. எல்லாவற்றையும் விடப் பெரியது வாடகை முன்பணம். தோட்டத்து லய வீடு தோட்டத்துக்குச் சொந்தம், பெரும்பாலும் புருஷன் பெயரில் கொடுத்தது. அதே செம்பனைத் தோட்டத்தில் அவளும் வேலை செய்தால், வெளியே வரும் அன்றே வீடும் சம்பளமும் சேர்ந்து போகும். டவுனில் ஓர் அறை பார்த்தால் இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று மூன்றரை மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்பார்கள். இது இல்லாமல் திரும்பிப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மளிகைக்கடைக்காரர்: நன்கொடைக்கு வரிக் கழிவு ரசீது தருவீர்களா?

எங்களால் முடியாது அண்ணே. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு தரும் ரசீதுக்குத்தான் கழிவு, அதுவும் மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு வரை. அப்படிப்பட்ட பெரிய அமைப்பிடம் கொடுத்து, இந்த வட்டாரத்துக்கே செலவாக வேண்டும் என்று கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

இளைஞர் மன்றத் தம்பி: வீடு வீடாக உண்டியல் தூக்கலாமா?

போலீஸ் உரிமம் இல்லாமல் கூடாது, 1947லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்து குழுவாக நடத்தப் போகிறீர்கள் என்றால் சங்கப் பதிவிலாகாவிலும் பதிந்துவிடுங்கள். ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளில் அறிக்கை அனுப்ப வேண்டும். சோம்பலில் இதை விட்டுத்தான் பல சங்கங்கள் மாட்டிக்கொள்கின்றன.

அதே தம்பி: மித்ரா (இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவு) மானியம் கிடைத்தால் கவலை தீருமே?

கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதை நம்பி ஆளை மட்டும் வேலைக்கு எடுக்காதீர்கள், அடுத்த வருடம் வராமலும் போகலாம். மாதம் பத்து வெள்ளி தர 200 பேர் இருந்தால் 2,000 வெள்ளி, சம்பளத்துக்கு ஆகிவிடும். மாதா மாதம் கூட்டு (சீட்டு) கட்டுகிற நம் அக்காமாருக்கு இது புதுசா என்ன?

மகளிர் பிரிவுச் செயலாளர்: பணம் பெற்ற பெண்களின் பெயரும் படமும் இருந்தால்தான் கமிட்டி ஒப்புக்கொள்ளும் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள் அக்கா. வவுச்சரில் எண் மட்டும் போதும். எண்ணுக்குரிய பெயர் பூட்டிய புத்தகத்தில் இருக்கட்டும், சாவி இரண்டு பேரிடம். ஒரு சமயம், அரிசி மூட்டை கொடுக்கும் படத்தில் பின்னால் தெரிந்த பள்ளிப் பலகையை வைத்தே ஒருவன் மனைவியைத் தேடி வந்துவிட்டான். மாதிரிக் காசோலை பிடித்துப் படம் எடுத்தே ஆகவேண்டும் என்றால் தலைவரும் பொருளாளரும் நிற்கட்டும், முகத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

ஒரு பக்கத்து வீட்டுக்காரர்: அடிபடுகிற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கோவிலில் தாலி மட்டும் கட்டியது, பதிவில்லை. சட்டம் அவளைச் சேர்க்குமா?

சேர்க்கும். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், மதமோ வழக்கமோ ஏற்கும் சடங்கோடு நடந்த கல்யாணத்தைப் பதிவில்லாவிட்டாலும் கணக்கில் எடுக்கிறது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால், போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலே சமூகநல அதிகாரி ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். 2017 திருத்தத்தில் வந்தது இது. அதற்குமேல் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை வேண்டுமென்றால் ரிப்போர்ட் தேவை. இப்போதே அரசாங்க உதவி எண் 15999க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: உதவி வாங்கியவள் புருஷனிடமே திரும்பிப் போய்விட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கூடாது. கடன்பட்ட இடத்தில் மறுபடி யார் கதவு தட்டுவார்கள்? எங்களிடம் மூன்று முறை வந்த ஒருவர் இருக்கிறார். மூன்று முறையும் காடிக்கு எண்ணெய் ஊற்றினோம்.