சிவப்பு மை

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் 36 வருடம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்த காலம், வேலை, குடும்பம் எல்லாவற்றையும் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது? என்னிடம் அடி வாங்கியவர்கள்தான் இன்று டாக்டர், இன்ஜினீயர் என்று வந்து காலில் விழுகிறார்கள். 2010இல் சட்டம் வந்து எங்கள் கையைக் கட்டிவிட்டது. என் மகனும் என் வகுப்பில் படித்தவன்தான். இப்போது அதிகம் பேசுவதில்லை. புத்தகம் போட எவ்வளவு ஆகும்?

ஒரு வாசகர்

அன்புள்ள சார்,

செலவை விடுங்கள். முதலில் நூறு பக்கம் எழுதுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

கொஞ்ச நாளாக மனதில் கிடந்ததை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. காலில் விழ வருகிறவர்களை மட்டும் எண்ணியா கணக்குப் போடுவது? அடிக்குப் பயந்து படிப்பை விட்டவன் இனிப்புப் பெட்டியோடு உங்கள் வாசலுக்கு வரமாட்டான். தெருவில் உங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான், உங்களுக்குத் தெரியவே தெரியாது. நெடுநாள் வராதவன் பெயரை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிப்பீர்களே, அந்தப் பெயர்களில் ஐந்தாவது நினைவிருக்கிறதா? அங்கிருந்து தொடங்குங்கள். டாக்டர்கள் கடைசி அத்தியாயத்துக்குக் காத்திருக்கட்டும், அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

சட்டம் கையைத்தான் கட்டியதா? கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மனதைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. ‘மக்கு’, ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ எல்லாம் அதில் அடக்கம் சார்.

ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வாத்தியார் என் அப்பா. வகுப்பில் ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு அடி என்றால் எனக்கு இரண்டு. வாத்தியார் மகனுக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். ராத்திரி என் உள்ளங்கையைப் பிடித்துப் பேசாமல் தேங்காய் எண்ணெய் தடவுவார். ஒருநாள் சாப்பிடும்போது வாய் தவறி, “சார், தண்ணி” என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய், அவரே மொண்டுவந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்பிறகு அந்த வருடம் முழுக்க வகுப்பில் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. அடியும் இல்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

மகனைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டே வரி. இந்த வாரம் போன் செய்து, வகுப்பில் அவர் உங்களை என்னவென்று கூப்பிட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.