பேண்டை விடச் சொல்லும் முன் அந்த நோட்டைப் பாருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை நீங்களும் இன்ஜினியரிங் படிக்கிற உங்கள் பையனும் (அவனைத் தம்பி என்றே சொல்கிறேன்) பொள்ளாச்சியிலிருந்து என்னிடம் யோசனை கேட்க வந்துவிட்டுப் போனீர்கள். கிளம்பும்போது கதவருகில் நின்று, "பிளேஸ்மென்ட்டுக்கே உக்கார மாட்டேங்கிறானுங்க. கிடார் வாசிச்சா சோறு கிடைக்குமா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அடுத்தவர் வெளியே காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இப்போது உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும், அவனிடம் மறைக்க இதில் எதுவும் இல்லை.

முதலில் நேரான பதில். கோவையில் இருந்துகொண்டு, சொந்தப் பாட்டு வாசிக்கும் ஒரு பேண்டில் பாஸ் கிடார் வாசிப்பதை மட்டும் நம்பினால் சோறு கிடைக்காது. இன்னும் அஞ்சாறு வருடத்துக்கும் கிடைக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் இசையை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டால் முடியும் என்பேன். இந்த இரண்டு கேள்வியும் ஒன்று என்று நீங்களும் தம்பியும் நினைப்பதால்தான் வீட்டில் தினம் சண்டை.

தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, போன கச்சேரிக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதுதான். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தான். அட்டையில் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு கஃபேயில் வாசித்த கணக்கு. வரவு 18,000 ரூபாய். டிரம் செட் வாடகை 3,000. ஆம்னி வண்டி 2,500. ஒத்திகை அறை நான்கு தடவை, தடவைக்கு 800 வீதம் 3,200. சாப்பாடு 1,200. மிச்சம் 8,100, ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,620. அதற்குக் கீழே பென்சிலில், "ஸ்ட்ரிங் செட் வாங்கணும்" என்று எழுதியிருந்தான். மாதத்துக்கு இப்படி இரண்டு கிடைத்தாலே நல்ல மாதமாம்.

இந்த நோட்டை நீங்கள் பார்த்ததே இல்லை என்றீர்கள். தயவுசெய்து பாருங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில், பாட்டானாலும் சரி, யூடியூப் சேனலானாலும் சரி, வரவையும் செலவையும் மழுப்பாமல் எழுதி வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. தம்பிமேல் எனக்கு நம்பிக்கை வந்தது அவன் வாசித்துக் காட்டிய வீடியோவால் இல்லைங்க, அந்த நோட்டால்.

கணக்கு ஏன் இவ்வளவு மெலிவாக இருக்கிறது என்பதையும் சொல்கிறேன். கோவை மாதிரி ஊரில் ஒரு பேண்டுக்குத் திறந்திருக்கும் வாசல்கள் கொஞ்சம்தான். வார இறுதியில் மேடை தரும் சில கஃபேக்கள், கல்லூரிக் கல்ச்சுரல்ஸ், கம்பெனி ஆண்டு விழா, கல்யாண ரிசப்ஷன். இதில் கையில் காசு நிற்பது ரிசப்ஷனில். அங்கே இளையராஜாவும் ரஹ்மானும் வாசிக்க வேண்டும். சொந்தப் பாட்டுக்கு இடமில்லை. அதைத் தம்பி கொஞ்சம் மட்டமாக நினைப்பது பேச்சில் தெரிந்தது. நினைக்க வேண்டாம் தம்பி. எந்தப் பாட்டைக் கேட்டாலும், பாடகருக்குத் தொண்டை சரியில்லை, அரைக்கட்டை இறக்கு என்று சொன்னாலும், ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவருக்குக் கை தானாகப் போகும். அந்தப் பழக்கம் ஒத்திகை அறையில் வராது. மாதம் இரண்டு ரிசப்ஷன், ஒரு சொந்தக் கச்சேரி என்று வைத்துக்கொண்டால் முன்னது பின்னதுக்குப் படியளக்கும்.

தம்பியின் மாமா ஹிப்ஹாப் ஆதியை உதாரணமாகச் சொல்கிறார் என்றீர்கள். அவரும் கோவைக்காரர்தான், யூடியூபில் பாட்டுப் போட்டே பெயர் வாங்கியவர்தான். 2012-இல் அவருடைய ஹிப்ஹாப் தமிழா குழுவின் ஆல்பம் வந்தபோது தமிழில் ராப் என்பதே பலருக்குப் புதுசு. ஆனால் அவர் ஊரறிய நிலைத்தது சினிமாவுக்கு இசையமைக்கப் போன பிறகு. படிப்பையும் அவர் விடவில்லை, பின்னாளில் முனைவர் பட்டம் வரை வாங்கினார். ஆயிரத்தில் ஒருவருக்கு நடந்ததை வைத்து வீட்டில் முடிவெடுக்கக் கூடாது. நடக்கும் என்றும் சொல்லக் கூடாது, நடக்காது என்றும் சொல்லக் கூடாது.

எனக்கு இன்னொரு உதாரணம்தான் பொருத்தமாகப் படுகிறது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறை மேடையேறியது. கானா, ராப், ராக் எல்லாம் கலந்த இசை, 19 பேர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அன்றைக்குப் பாடியவர்களை எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் யாரோ இடம் பிடித்து, அனுமதி வாங்கி, சவுண்ட் சர்வீஸுக்கு அட்வான்ஸ் கொடுத்து, இரவு பத்து மணிக்குள் ஒலிபெருக்கியை நிறுத்த ஏற்பாடு செய்து, அத்தனை பேரையும் நேரத்துக்கு வரவைக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் அதற்கு ஆள் உண்டு. நம் ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய; இந்த வேலையைப் பார்க்கிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அப்படிப்பட்ட ஊரில் இந்த வேலை தெரிந்தவரைத் தேடி எல்லா பேண்டும் வரும்.

வாளையாறு தாண்டினால் கதையே வேறு. கேரளத்தில் கப்பா டிவி 2013-இலேயே மியூசிக் மோஜோ என்று பேண்டுகளுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தியது. தைக்குடம் பிரிட்ஜ் என்ற பேண்டு அதில்தான் வெளியே தெரிந்தது. திருவனந்தபுரத்து அவியல் பேண்டு அதற்கும் முன்பே மலையாளத்தில் ராக் பாடி வழி போட்டிருந்தது. கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர், கொச்சி 200-க்கும் குறைவு. தம்பியின் பேண்டு சென்னையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கொச்சியிலும் திருச்சூரிலும் தமிழ்ப் பாட்டைக் கேட்கக் கூட்டம் உண்டு, ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன்.

தம்பிக்கு இரண்டு அரியர். அதில் ஒன்று டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங். "அது மண்டையில ஏறவே இல்லை சார்" என்றான். சரி, மேடையில் உங்களுக்கு சவுண்ட் யார் பார்ப்பது என்று கேட்டேன். அவன்தானாம். பாடகர் மைக்கில் என்ன செய்வாய் என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தேன். மளமளவென்று வரைந்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவேன், இல்லாவிட்டால் மேடை அதிர்வு எல்லாம் மைக்கில் ஏறும். கணீரென்று குத்துகிற இடத்தில் கொஞ்சம் இறக்குவேன். கீழே வெட்டுவதால் பாஸும் குரலும் ஒன்றோடொன்று மோதாது என்றான். தம்பி, நீ வரைந்தது ஹை-பாஸ் ஃபில்டர். உன் பாடப் புத்தகத்தில் ஃபில்டர் டிசைன் என்று ஒரு முழு யூனிட் இருக்கிறது, அது இதுதான் என்றேன். அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள்.

இசையில் நிலைத்தவர்களை நான் பார்த்தவரையில், வாசிப்பதோடு இன்னொரு கைவேலையும் தெரிந்தவர்களே அதிகம். ஒருவர் மிக்ஸிங் செய்கிறார், அதாவது பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சீராக்குகிறார். இன்னொருவர் மாலையில் பிள்ளைகளை டிரினிட்டி இசை கிரேடு தேர்வுக்குத் தயார் செய்கிறார். ஒருவர் விளம்பரப் படங்களுக்குப் பின்னணி இசை போடுகிறார். சொந்தப் பாட்டு இவர்களுக்கு வருமானம் தருவதில்லை. சொந்தப் பாட்டுப் போடுகிற தெம்பை இந்த வேலைகள் தருகின்றன. தம்பிக்கு அந்தக் கைவேலை ஏற்கெனவே பாதி வந்துவிட்டது. மீதிப் பாதி அவன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதனால் அரியரை முடி என்று நான் சொல்வது உங்களைச் சமாதானப்படுத்த இல்லைங்க. சவுண்ட் இன்ஜினியர் ஆக அந்தப் பேப்பர் அவனுக்கு வேண்டும்.

பிளேஸ்மென்ட்டுக்கும் உட்காரட்டும். ஆனால் எந்த வேலை கிடைத்தாலும் போ என்று சொல்லாதீர்கள். நைட் ஷிப்ட் வேலையில் சேர்ந்தால் ஆறு மாதத்தில் பேண்டும் போகும், தூக்கமும் போகும். பகல் வேலை, கோவையிலோ கொச்சியிலோ. ஆடிட்டோரியங்களுக்கு ஒலி அமைப்பு செய்து தரும் நிறுவனங்கள், நிகழ்ச்சிகளுக்கு சவுண்டும் லைட்டும் தரும் நிறுவனங்களில் எலக்ட்ரானிக்ஸ் (இ.சி.இ.) படித்த பையனுக்கு இடம் உண்டு. அதைக் கேம்பஸில் யாரும் சொல்ல மாட்டார்கள், நாமாகத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

மேலே படிக்க ஆசைப்பட்டால், தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்குத் தனிப் படிப்பே உண்டு. ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைப் பள்ளியும் இருக்கிறது, ஆனால் கட்டணத்தை விசாரித்துவிட்டு யோசியுங்கள். கடன் வாங்கி மட்டும் வேண்டாம்.

இப்போது ஒப்பந்தக் காகித விஷயம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். சில வருடம் முன்பு ஒரு பெண் என்னிடம் வந்தாள். அவளே எழுதி, மெட்டுப் போட்டுப் பாடிய பாட்டு. ஒரு நிறுவனம் 15,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தது. பாட்டு நன்றாக ஓடியது. அவள் அதே பாட்டைத் தன் சேனலில் போட்டபோது உரிமை மீறல் என்று நீக்கிவிட்டார்கள். தாளை அதற்குப் பிறகுதான் என்னிடம் காட்டினாள். "எல்லா உரிமையும்" என்று இருந்தது. அழுதாள். நான் அதை முன்னாடியே படித்திருந்தால் என்று இன்றைக்கும் தோன்றும்.

சட்டம் நமக்கு ஓரளவு துணை நிற்கிறது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை (பாட்டைப் பயன்படுத்தும்போது வரும் உரிமைத் தொகையை) ஒரு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, வாரிசுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். மாதிரியான பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும்தான் கொடுக்கலாம். அதற்கு முன்பிருந்தே சட்டத்தில் இருப்பது இன்னொன்று: ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் 5 வருடம்தான். எந்த நாடு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும்தான். இது தெரிந்திருந்தால் பேரம் பேசும்போது குரல் நடுங்காது. ஆனாலும் சட்டம் இருப்பது வேறு, காசு கைக்கு வருவது வேறு. 2021-இல் எங்கு பார்த்தாலும் ஒலித்த 'என்ஜாய் எஞ்சாமி'யில் தனக்கு வருமானமே வரவில்லை என்று அதன் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெயர் பெற்றவருக்கே அந்த நிலை.

அதனால் ஐந்து பேரும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு முடிகிற அன்றைக்கே, யார் வரி எழுதியது, யார் மெட்டுப் போட்டது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஸ்ப்ளிட் ஷீட் என்பார்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தம்பி கேட்டான். நண்பர்களாக இருக்கும்போதுதான் எழுத முடியும். ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் பணம் வருவது எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும். பாஸ் வாசித்தேன் என்பதற்காக அங்கே பங்கு வராது. தம்பி மெட்டில் கை வைத்திருந்தால் அது தாளில் இருக்க வேண்டும்.

யூடியூப், ஸ்பாட்டிஃபை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடி பார்வையும்) வேண்டும். சினிமாப் பாட்டைப் பாடிப் போட்டால் பார்வை வரும், காசு பெரும்பாலும் ஆடியோ கம்பெனிக்குப் போய்விடும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு ஒரு வருடத்தில் 1,000 தடவையாவது ஓடாவிட்டால் அதற்கு ராயல்டி கணக்கே இல்லை. ஓடினாலும் பைசாக் கணக்குதான். இதையெல்லாம் வருமானமாகப் பார்க்காமல் விசிட்டிங் கார்டாகப் பார்த்தால் மனசு உடையாது.

காலக்கெடுவைப் பற்றிக் கேட்டீர்கள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் கொடுங்கள் என்பேன். அதுவரை கல்யாணம், வெளிநாடு என்று எந்தப் பேச்சும் வேண்டாம். அந்த இரண்டு வருடத்தில் தம்பி வீட்டுக்கு மாதாமாதம் ஏதாவது ஒரு தொகை கொடுக்க வேண்டும், ஐந்தாயிரம் என்றாலும் சரி. இ.எம்.ஐ.-யில் கிடார், கீபோர்டு எதுவும் வாங்கக் கூடாது. பத்திருபதாயிரத்துக்குள் ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிடாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்கி, மற்ற பேண்டுகளின் பாட்டை மிக்ஸ் செய்து கொடுத்துப் பழகட்டும். முதல் மூன்று பாட்டு இலவசமாக, நான்காவதிலிருந்து காசு. இரண்டு வருடம் கழித்து அதே நோட்டை வைத்துக்கொண்டு உட்காரலாம். சவுண்ட் வேலையில் வந்தது எவ்வளவு, கச்சேரியில் வந்தது எவ்வளவு, பாட்டில் வந்தது எவ்வளவு என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பத்துக்குப் பத்து ஒத்திகை அறையில் டிரம்ஸ் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் உய்ங் என்று கேட்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். சவுண்ட் இன்ஜினியராகப் போகிறவனுக்குக் காதுதான் முதல். நல்ல இயர்பிளக் ஒன்று இந்த வாரமே வாங்கிக் கொடுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்தால் அவன் போடுவான். அப்புறம், கச்சேரி முடிந்து நள்ளிரவில் பொள்ளாச்சி ரோட்டில் பைக்கில் வர வேண்டாம். அன்றைக்கு டிரம்மர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வரட்டும்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வாருங்கள். தம்பி நோட்டையும், சிக்னல் பிராசஸிங் பழைய கேள்வித்தாள்களையும் எடுத்து வரட்டும். எனக்குத் தெரிந்த ஒரு சவுண்ட் இன்ஜினியரையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஃபில்டர் யூனிட்டை மிக்ஸரை வைத்தே சொல்லித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். டிரம்மர் தம்பியின் அப்பாவுக்கும் இதே கவலை என்றீர்களே, அவரையும் கூட்டி வாருங்கள்.